லைட்டா... ஒரு லைட் போதும்!

மீன் தொட்டி வாங்கறது ஈஸி பாஸ். கல்லு, மண்ணு, செடி, மீனு... எல்லாத்துக்கும் கண்ணை மூடிக்கிட்டு காசு கொடுத்துடலாம். ஆனா, மேல மாட்டற லைட்டு விஷயத்துல மட்டும் கண்ணை நல்லாத் தொறந்து வெச்சுக்கணும். ஏன்னா, அந்தத் தொட்டியை யார் கழுவப் போறாங்க, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கழுவப் போறாங்கங்கிறதை முடிவு பண்றதே அந்த லைட்டுதான். எங்க வீட்டுல கழுவப் போறது நான் இல்லை, எங்கம்மா. அதனாலதான் ஒரே ஒரு லைட்டு வாங்க மூணு மாசம் மண்டையைப் பிய்ச்சுக்கிட்டேன்.

முதல்ல ஊரைச் சொல்லிடறேன். திருச்சி - சென்னை ஹைவேஸ்ல, பெரம்பலூர்ல இருந்து வடக்கே சுமார் 17 கிலோமீட்டர் வந்தா ரஞ்சன்குடி. பஸ்ல தூங்காம வந்திருந்தா எங்க கோட்டையைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. 1751-ல் ஆங்கிலேயப் படையும் பிரெஞ்சுப் படையும் மோதின பூமி. சுத்தி அகழியெல்லாம் வெட்டி, 'தண்ணியை வெச்சே காவல் காக்கலாம்'னு யோசிச்ச ஊரு. இப்போ அந்த ஊர்ல மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். எங்க வீட்டுலயும் கொஞ்சம் வெங்காயக் காடு உண்டு. அதைப் பார்த்துக்கறது அம்மா. வீட்டைப் பார்த்துக்கறது அப்பாயி. அப்பா சிங்கப்பூர்ல. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரு மாச லீவுல வருவார்.

அப்படி வந்த ஒரு லீவுலதான் அப்பாவுக்கு அந்த ஆசை வந்துச்சு. "ஹால்ல பெரிசா ஒரு தொட்டி வெப்போம்டா. உள்ள குளம் மாதிரி செடியெல்லாம் ஆடணும். நான் அங்க இருந்து போன்ல பார்த்துக்கறேன்." திருச்சியில வீடு காலி பண்ணின சொந்தக்காரர் ஒருத்தர்கிட்ட பழைய தொட்டி கிடைச்சுது. அஞ்சடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உயரம். மண்ணு, கல்லு போக கிட்டத்தட்ட 500 லிட்டர் தண்ணி பிடிக்கும். அதாவது, ஹால்ல அரை டன் வெயிட்டு! நாலு பேர் தூக்கிட்டு வந்து இறக்கினப்ப அப்பாயி கேட்ட முதல் கேள்வி, "இதுல யாரைக் குளிப்பாட்டப் போறீங்க?"

மேட்டர் என்னன்னா, எனக்கு கேம்பஸ்ல வேலை கிடைச்சிருந்துச்சு. ஜூன் மாசம் ஓசூர்ல ஜாயின் பண்ணணும். அப்பா சிங்கப்பூர், நான் ஓசூர். தொட்டி மட்டும் ரஞ்சன்குடி. வெங்காயம் பிடுங்கற சமயத்துல அம்மா விடியக்காலையில கிளம்பினா பொழுது சாய்ஞ்சுதான் வருவாங்க. பட்டறை போட்டு முடிக்கிற வரைக்கும் தொட்டியை ஏறெடுத்துப் பார்க்கவும் நேரம் இருக்காது. மகன், புருஷன் ரெண்டு பேரோட ஆசையையும் சேர்த்து அவங்க தலையில கட்டிட்டு பெட்டியைத் தூக்கிட்டுப் போறதா? அதுக்கு எனக்கு மனசு வரலை. தொட்டியும் இருக்கணும், அது அம்மாவுக்கு இன்னொரு வயக்காடாவும் ஆகக்கூடாது. இதுதான் எனக்கு நானே வெச்சுக்கிட்ட கண்டிஷன்.

ஒரு இன்டர்வியூவுக்கு சென்னை போனப்ப, அப்படியே கொளத்தூருக்கு ஒரு நடை. வண்ண மீன் வளர்க்கிற தமிழ்நாட்டுக்காரங்களுக்கு கொளத்தூர்தான் காசி. தெருத் தெருவா மீனு, செடி, மோட்டார், லைட்டு. ஒரு கடையில தொட்டி சைஸைச் சொன்னதும் அண்ணன் ஒருத்தர் கை நீட்டினது மேல தொங்கின ஒரு பெரிய செட்டை. டி-5 ட்யூப், ஒவ்வொண்ணும் 54 வாட்ஸ், மொத்தம் ஆறு. போட்டுக் காட்டினார். அடேங்கப்பா... பகல்லயே சூரியன் இன்னொண்ணு உதிச்ச மாதிரி!

"தம்பி, இதைப் போட்டா செடி சும்மா ஜம்முனு வரும்."

"அண்ணே, வேற என்னென்ன செய்யணும்?"

"கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் ஒண்ணு. தண்ணியில கலக்கற உரம். வாரா வாரம் பாதித் தண்ணி மாத்தணும். செடியை வெட்டி விடணும். கண்ணாடியைத் தேய்க்கணும்."

"செய்யலைன்னா?"

"பாசி பிடிச்சிடும் தம்பி."

அவர் சொன்னதுல ஒரு வார்த்தைகூட பொய் இல்லை. நேர்மையான மனுஷன். ஆனா, அந்த லிஸ்ட்டுல இருந்த ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்துல எனக்கு அம்மா முகம்தான் தெரிஞ்சுது. தேங்க்ஸ் சொல்லிட்டு, ரெண்டு அனுபியாஸ் செடி மட்டும் வாங்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

வெளிச்சத்துக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம்? ஊருக்கு வந்து இதை அம்மாகிட்டயே பீட்டர் விடாம விளக்கிப் பார்த்தேன். "செடி வெளிச்சத்தை வெச்சுதான் சாப்பாடு தயார் பண்ணுதும்மா. வெளிச்சம் ஏற ஏற, கார்பன் டை ஆக்சைடு அதிகமாக் கேக்கும், தழைச்சத்து கேக்கும், சாம்பல் சத்து கேக்கும். இதுல எது ஒண்ணு குறைஞ்சாலும் செடி நின்னு போயிடும். மிச்சமிருக்கிற வெளிச்சத்தை பாசி தின்னு கொழுத்துடும்."

அம்மா வெங்காயத்தாளை அரிஞ்சுக்கிட்டே சொன்னாங்க. "இதுல என்னடா புதுசு? நல்லா வெயில் அடிச்சா பயிரு தண்ணியும் கேக்கும், உரமும் கேக்கும். ரெண்டும் வைக்க முடியலைன்னா பயிரு நிக்கும், களைதான் ஏறும்."

அவ்வளவுதான்! 19-ம் நூற்றாண்டுல ஜெர்மனியில லீபிக்னு ஒரு விஞ்ஞானி இதைத்தான் பிரபலப்படுத்தினார். எது ரொம்பக் குறைவா இருக்கோ, அதுதான் பயிரோட வளர்ச்சியை முடிவு பண்ணும். நான் அதை புக்குல படிச்சேன். அம்மா காட்டுல படிச்சிருக்காங்க. தண்ணிக்குள்ள களை எடுக்க முடியாது பாஸ். அதனால, களை வர்ற அளவுக்கு வெயிலையே அடிக்க விடக்கூடாது. வண்டி ஓட்டறவங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, லைட்டுங்கிறது ஆக்ஸிலேட்டர். முறுக்க முறுக்க ஸ்பீடு வரும், பெட்ரோலும் குடிக்கும். பெட்ரோல் பங்கே இல்லாத ரோட்டுல முறுக்காம போறதுதான் புத்திசாலித்தனம்.

இந்த இடத்துல ரெண்டு அமானோ கதையைச் சொல்லியே ஆகணும். ரெண்டு பேரும் ஜப்பான்காரங்க. முதல் அமானோ, தகாஷி அமானோ. தண்ணிச் செடிகளை வெச்சே தொட்டிக்குள்ள காடு, மலை, புல்வெளின்னு காட்டி உலகத்தையே கிறங்கடிச்சவர். போர்ச்சுகல்ல லிஸ்பன் நகரத்து மீன் காட்சியகத்துக்கு 2015-ல் அவர் அமைச்ச தொட்டி 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர்! அதே வருஷம் அவர் இறந்துட்டார். போட்டோ பார்த்தா கண்ணு வாங்க மனசு வராது. ஆனா, அந்தச் செடிகளை வெட்டி, சுத்தம் பண்ண ஆளுங்க தண்ணிக்குள்ள இறங்கி வேலை பார்த்தாங்க. எங்க வீட்டுல இறங்க ஆள் கிடையாது. அப்பாயி இறங்க மாட்டாங்க!

ரெண்டாவது அமானோ, ஹிரோஷி அமானோ. நீல எல்.ஈ.டி. கண்டுபிடிச்சதுக்காக அகசாகி, நகமுரா ரெண்டு பேரோட சேர்ந்து 2014-ல் இயற்பியல் நோபல் வாங்கினவர். நம்ம வீட்டு வெள்ளை எல்.ஈ.டி. பல்புக்குள்ள உக்காந்திருக்கிறது அந்த நீல விளக்குதான். மேல ஒரு மஞ்சள் பூச்சு பூசினதும் நம்ம கண்ணுக்கு வெள்ளையாத் தெரியுது. முதல் அமானோ எனக்கு ஆசையைக் காட்டினார். ரெண்டாவது அமானோ எனக்கு வழியைக் காட்டினார்.

வழின்னா என்ன? நம்ம ஊர் எலெக்ட்ரிக்கல் கடையில தொங்குதே, நாலடி எல்.ஈ.டி. பேட்டன்... அதேதான்! 20 வாட்ஸ்ல ரெண்டு. ரெண்டும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சுபோச்சு. 'என்னடா, அவ்வளவு பில்டப் கொடுத்துட்டு ட்யூப் லைட்டுல வந்து நிக்கறான்'னு நினைக்கறீங்களா? கணக்கைப் பாருங்க, அப்புறம் திட்டுங்க.

முதல் கணக்கு, கரன்ட் பில். 54 வாட்ஸ் ட்யூப் ஆறுன்னா 324 வாட்ஸ். தினமும் 8 மணி நேரம் எரிஞ்சா ரெண்டு மாசத்துக்கு 155 யூனிட். என்னோட ரெண்டு பேட்டன் சேர்ந்து 40 வாட்ஸ். தினமும் ஏழரை மணி நேரம் போட்டா, ரெண்டு மாசத்துக்கு 18 யூனிட்தான். வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு 2016-ல் அறிவிச்சாங்க. அந்த மொத்தச் சலுகையையும் மீனுக்கே தாரை வார்த்துட்டு, மிக்ஸிக்கும் ஃபேனுக்கும் நாம காசு கட்டறது நியாயமா சொல்லுங்க!

அதுவும் போக, ட்யூப்போட ஆயுசே முடியப் போகுது. மினமாட்டா ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு. பாதரசத்தைக் குறைக்கறதுக்காகப் பல நாடுகள் போட்டுக்கிட்டது. 2023-ல் அந்த நாடுகள் ஜெனிவாவுல கூடி, பாதரசம் இருக்கிற ஃப்ளோரசன்ட் ட்யூப் தயாரிப்பை 2027-க்குள்ள நிறுத்திடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. நாளைக்கு ஒரு ட்யூப் ஃப்யூஸ் போனா, அம்மா அதைத் தேடி எந்த ஊருக்கு அலைவாங்க? பேட்டன்னா பெரம்பலூர் வரைக்கும் போனா போதும். மாட்டிவிட எலெக்ட்ரீஷியன் தெருவுக்கு ஒருத்தர் உண்டு.

ரெண்டாவது கணக்கு, சூடு. பெரம்பலூர் வெயிலைப் பத்தி உங்களுக்குத் தனியா சொல்லணுமா? தண்ணி சூடாக ஆக, அதுல கரையற ஆக்ஸிஜன் குறையும். 25 டிகிரியில ஒரு லிட்டர் தண்ணி சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடிச்சு வெச்சுக்கும். 32 டிகிரியில அது 7.3. மே மாசத்துல மீனே மூச்சு வாங்கிக்கிட்டு இருக்கும்போது, மேல 324 வாட்ஸ் அடுப்பை வேற பத்தவைக்கணுமா?

மூணாவது, அட்டைப்பெட்டி மேல போட்டிருக்கிற நம்பருங்க. 'லூமென்'னு இருக்கிறது மனுஷக் கண்ணுக்கான கணக்கு. நம்ம கண்ணுக்குப் பச்சை வெளிச்சம்தான் பளிச்சுனு தெரியும். செடிக்கு 400-ல் இருந்து 700 நேனோமீட்டர் வரைக்கும் உள்ள எல்லா நிறமும் வேணும், முக்கியமா நீலமும் சிவப்பும். அதை அளக்கிற கணக்குக்கு 'பார்'னு பேரு. அந்த மீட்டரு நம்ம பாக்கெட்டுக்கு ரொம்ப ஓவர். 'கெல்வின்'னு இருக்கிறது வெளிச்சத்தோட நிறம். நம்ம ஊர்ல 'கூல் டேலைட்'னு விக்கிற 6500 கெல்வின் பேட்டனே போதும். செடியும் வளரும், பச்சையும் பச்சையாத் தெரியும். 'சி.ஆர்.ஐ.' 80-க்கு மேல இருந்தா மீனோட கலரும் செத்துப் போகாது.

அப்போ, நம்ம பேட்டன் வெளிச்சம் ரெண்டடி ஆழத்துல இருக்கிற செடிக்குப் போதுமான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? இங்கதான் நம்ம இன்ஜினீயரிங் மூளை லைட்டா வேலை செஞ்சுது. இருக்கவே இருக்கு செல்போன்! வெளிச்சத்தை அளக்கிற லக்ஸ் மீட்டர் ஆப் ஒண்ணை இறக்கினேன். தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி, காலித் தொட்டிக்குள்ள போனை மல்லாக்கப் படுக்கவெச்சு, மேல ரெண்டு பேட்டனையும் போட்டேன். நடுவுல 2,600 லக்ஸ். ரெண்டு ஓரத்துலயும் 1,100. இந்த மாதிரி வெள்ளை எல்.ஈ.டி.க்கு லக்ஸை 70-ஆல வகுத்தா செடிக்கான கணக்கு தோராயமா வந்துடும். நடுவுல 37, ஓரத்துல 16. செல்போன் சென்சார் தராசுத் தட்டு இல்லை, முன்னப்பின்ன இருக்கும். தண்ணி ஊத்தினா இன்னும் கொஞ்சம் மாறும். ஆனாலும், 20-ல் இருந்து 40 வரைக்கும் இருந்தா சிலிண்டர் இல்லாத தொட்டிக்கு சரியான இடம். 80-ஐத் தாண்டினா சிலிண்டர் இல்லாம சமாளிக்க முடியாது. நம்ம ரெண்டு பேட்டன் மிகச் சரியா பவுண்டரிக்குள்ள!

அஞ்சடித் தொட்டிக்கு நாலடி லைட்டு போட்டதால ரெண்டு ஓரமும் அரையடி அரையடி மங்கலா இருக்கும். அதுவும் நல்லதுக்குத்தான். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ரெண்டும் நிழல்லயே பிறந்து வளர்ந்த பார்ட்டிங்க. நிறைய வெளிச்சம் போட்டா, மெதுவா வளர்ற அந்த இலை மேல பாசி வந்து உக்காந்துக்கும். அதனால அதுங்களைக் கல்லுல நூல் போட்டுக் கட்டி ஓரத்துல வெச்சாச்சு. நடுவுல கிரிப்டோகோரைன். நம்ம தொட்டிங்கள்ல பாப்புலரா இருக்கிற பல கிரிப்டோ ரகங்களுக்கு இலங்கைதான் தாய் வீடு. பின்னாடி வாலிஸ்னேரியா, நாடா மாதிரி நீளமா ஆடும். அப்பா கேட்ட 'குளத்துல ஆடற செடி' அதுதான்.

எங்க ஊர் போர் தண்ணி சோப்பு நுரைக்காத உப்புத் தண்ணி. மத்தவங்க அதுக்காக வருத்தப்படுவாங்க, வாலிஸ்னேரியா வருத்தப்படாது. கடினத் தண்ணியில இருக்கிற பைகார்பனேட்டுல இருந்தே கார்பனை உறிஞ்சிக்கிற திறமை அதுக்கு உண்டு. சிலிண்டர் வைக்காத தொட்டிக்கு இதைவிட வேற என்ன வேணும்?

கூடவே ஏரியில இருந்து கொஞ்சம் ஹைட்ரில்லா. நம்ம ஊர்ல சும்மா 'பாசி'ன்னு சொல்லிட்டுப் போவோமே, அதுதான். முழு வெயில்ல நூத்துல ஒரு பங்கு வெளிச்சம் இருந்தாலே அது பிழைச்சுக்கும். 1950-களில் மீன் தொட்டி வியாபாரத்துக்காக அமெரிக்காவுக்குக் கொண்டுபோன இந்தச் செடி, ஃப்ளோரிடா ஏரி, ஆறெல்லாம் பரவி, இன்னிக்கும் அவங்களுக்குப் பெரிய தலைவலி. நம்ம தொட்டியில அது வேலைக்காரன். செடிங்களுக்கு முன்னாடி சத்தை உறிஞ்ச வர்ற பாசிக்கு மிச்சம் வைக்காது. வேகமா வளர்றதால மாசத்துக்கு ஒரு தடவை ஒரு கைப்பிடி பிடுங்கிப் போடணும். அம்மா அதை கறிவேப்பிலைச் செடி அடியில போட்டுடறாங்க. அங்கயும் வேஸ்ட் கிடையாது!

லைட்டு எவ்வளவுங்கிறதைவிட, எவ்வளவு நேரம்ங்கிறது இன்னும் முக்கியம். டயானா வால்ஸ்டாட்னு அமெரிக்காவுல ஒரு அம்மா. மண்ணு போட்ட, சிலிண்டர் இல்லாத, அதிகம் தொந்தரவு பண்ணாத தொட்டிங்களைப் பத்தி 1999-ல் ஒரு புத்தகமே எழுதினவங்க. அவங்க சிபாரிசு பண்றது மதியத் தூக்கம். செடிக்குத்தான்! காலையில கொஞ்சம் லைட்டு, நடுவுல சில மணி நேரம் அணைச்சிடணும், சாயந்திரம் மறுபடி லைட்டு. அணைச்சிருக்கிற நேரத்துல தண்ணியில தீர்ந்துபோன கார்பன் டை ஆக்சைடு மறுபடி சேர்ந்துடும்.

எங்க வீட்டுக்கு இது அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி பொருந்திச்சு. காலையில ஆறரையில இருந்து ஒன்பதரை வரைக்கும். அம்மா காபி குடிச்சுக்கிட்டே மீனுக்குச் சாப்பாடு போட்டுட்டுக் கிளம்பலாம். அப்புறம் அஞ்சுல இருந்து ஒன்பதரை. அம்மா திரும்பி வரும்போது தொட்டி முழிச்சிருக்கும். எட்டு மணிக்கு அப்பாவோட வீடியோ கால். சிங்கப்பூர்ல அப்போ பத்தரை. தூங்கறதுக்கு முன்னாடி அவர் பார்க்கிற கடைசிக் காட்சி இதுதான். நடுப்பகல்ல யாரும் இல்லாத வீட்டுல யாருக்காக லைட்டு எரியணும்?

இதெல்லாம் தானா நடக்கணும்னா டைமர் வேணும். இங்க ஒரு சின்ன சூட்சுமம். பல்லுச் சக்கரம் மாதிரி சுத்தற டைமர் விலை கம்மிதான். ஆனா, கரன்ட் போனா அதுவும் நின்னுடும். பராமரிப்புக்காக காலையில ஒன்பது மணியில இருந்து சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் கட் பண்ணினாங்கன்னு வைங்க, டைமர் எட்டு மணி நேரம் பின்னாடி போயிடும். நடு ராத்திரியில ஹால் பளீர்னு எரிஞ்சா அப்பாயி 'பேய்'னு சாமியறைக்கு ஓடிடுவாங்க. அதனால உள்ளுக்குள்ள பேட்டரி இருக்கிற டிஜிட்டல் டைமர். கொஞ்சம் கூடுதல் காசு, நிறைய நிம்மதி.

காசைப் பார்க்கவே கூடாத ஒரே இடம், பாதுகாப்பு. தண்ணியும் கரன்ட்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. அதுக்குள்ள கைவிடப் போறது அம்மா. வீட்டு பேட்டன் ஈரத்துக்குச் செஞ்சது கிடையாது. அதனால தொட்டி மேல முழுசாக் கண்ணாடி மூடி, அதுக்கு அரையடி மேல இரும்பு ஃப்ரேம்ல பேட்டன். சொட்டுத் தண்ணிகூட தெறிக்காது. உயரத்தை ஏத்தி இறக்கினா வெளிச்சத்தையும் கூட்டிக் குறைக்கலாம். வயரை நேரா ப்ளக்குக்கு இழுக்காம, ப்ளக்குக்குக் கீழ ஊஞ்சல் மாதிரி ஒரு தொங்கல் விட்டிருக்கேன். வயர் வழியா தண்ணி இறங்கினாலும் அங்கயே சொட்டிடும், ப்ளக்குக்குப் போகாது. மெயின்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டினதுக்கு அப்புறம்தான் தண்ணியே ஊத்தினேன். "கை விடறதுக்கு முன்னாடி ஸ்விட்ச்சை அணைக்கணும்"னு அம்மாகிட்ட நூறு தடவை சொல்லியாச்சு. நூத்தியோராவது தடவை, "நீ போயி ஒழுங்கா சாப்பிடுடா மொதல்ல"ன்னு பதில் வந்துச்சு.

ஒண்ணு கவனிச்சீங்களா? நம்ம ஏரி, குளத்துல ஆகாயத்தாமரை மூடிட்டா அடியில இருக்கிற பாசி வெளிச்சம் இல்லாம செத்துடும். முழுசாத் தொறந்து கிடந்து, சாக்கடைத் தண்ணியும் கலந்தா, குளமே பச்சைப் பெயின்ட் ஆயிடும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு அளவு இருக்கு. தொட்டிக்கும் அதே அளவுதான். ஜன்னல் வழியா நேர் வெயில் விழற இடத்துல தொட்டியை வெச்சுட்டா, மேல என்ன லைட்டு மாட்டியும் பிரயோஜனமில்லை. நேர் வெயில்னா ஒரு லட்சம் லக்ஸ். நம்ம 2,600 அதுக்கு எந்த மூலை? அதனால ஜன்னல் இல்லாத வடக்குச் சுவர்தான் எங்க தொட்டிக்கு இடம்.

தண்ணி ஊத்தி முதல் மாசம் தினமும் அஞ்சு மணி நேரம்தான் லைட்டு. புதுத் தொட்டியில பழுப்புப் படலம் ஒண்ணு வரும், வந்துச்சு, ஆறு வாரத்துல அதுவாப் போச்சு. அப்புறம் வாரத்துக்கு அரை மணி அரை மணியா ஏத்தி ஏழரையில நிறுத்தினேன். கப்பியும் மோலியும் விட்டேன். ஜூன்ல ஓசூருக்கு பஸ் ஏறிட்டேன்.

இப்போ எட்டு மாசம் ஆச்சு. தொட்டி பத்திரிகை அட்டைப் படத்துல வர்ற மாதிரி இருக்கான்னு கேட்டா, சத்தியமா இல்லை. செடி மெதுவா வளருது. சிவப்பு இலைச் செடி எதுவும் இதுல வராது, அதுக்கு இந்த வெளிச்சம் பத்தாது. பின்னாடிக் கண்ணாடியில கொஞ்சம் பச்சை இருக்கு. அது அப்படியே இருக்கட்டும்னு விட்டாச்சு, மோலிங்க நாள் பூரா அதை மேய்ஞ்சுக்கிட்டு இருக்குதுங்க. அம்மாவோட வேலை, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நாலு பக்கெட் தண்ணி மாத்தறது, முன்கண்ணாடியை ஒரு தடவை துடைக்கிறது. அரை மணி நேரம். வெங்காயம் பிடுங்கின அந்த ரெண்டு வாரத்துல தொட்டிப் பக்கமே வரலையாம். மீனுக்குச் சாப்பாடு போட்டது அப்பாயி. ஒண்ணும் ஆகலை.

போன வாரம் போன்ல பேசும்போது அம்மா ஒரு போடு போட்டாங்க பாருங்க. "தம்பி, ஒரு லைட்டை சாயந்திரத்துல அணைச்சு வெச்சிருக்கேன். அந்த தடிச்ச இலை மேல பச்சையா பொடி உக்காந்துச்சு. வெயிலு ஜாஸ்தின்னு தோணுச்சு. இப்ப சுத்தமாயிடுச்சு."

ரெண்டு பேட்டனுக்கும் தனித்தனி ஸ்விட்ச் வெச்சது நான்தான். ஆனா, எப்ப எதை அணைக்கணும்னு நான் சொல்லித்தரவே இல்லை. காட்டுல இலையைப் பார்த்தே பயிருக்கு என்ன குறைன்னு சொல்றவங்களுக்கு, கண்ணாடிக்குள்ள இருக்கிற இலை மட்டும் புரியாமலா போகும்? அப்பாவோட ஆசையா வந்த தொட்டி, என்னோட ப்ராஜெக்ட்டா நின்ன தொட்டி, எப்பன்னே தெரியாம அம்மாவோட தொட்டி ஆயிடுச்சு. அவங்க கைக்கு அடங்கற மாதிரி இருந்ததாலதான் அது நடந்துச்சுன்னு நினைக்கறேன். ஆறு ட்யூப்பு, சிலிண்டர், உரம்னு வெச்சிட்டுப் போயிருந்தா அதுக்கு அவங்க சம்பளமில்லாத வாட்ச்மேனாத்தான் இருந்திருப்பாங்க.

ஸோ ஃப்ரெண்ட்ஸ்... படிப்பு முடிச்சு, வேலை கிடைச்சு, வீட்டுல எதையாவது பெரிசா வாங்கி வெச்சுட்டுப் போகணும்னு நம்ம எல்லாருக்கும் ஒரு ஆசை இருக்கும். தாராளமா வாங்குங்க. கடைக்காரர்கிட்ட 'இது எவ்வளவு பளிச்சுனு எரியும்'னு கேக்கறதுக்கு முன்னாடி, நாம ஊர்ல இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில இதை யார் பார்த்துக்கப் போறாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. பதில் கிடைச்சதும், லைட்டு எத்தனை வாட்ஸ்ங்கிறது தன்னாலயே தெரிஞ்சுடும்!